நேம் கட்டத்தில் என் பெயர்

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஆறு. பெற்றது நாலு, பெறாதது இரண்டு. என் ஓரகத்தி போன பிறகு அவள் பிள்ளைகளும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். ஆறு பேரில் ஒருத்தரையும் நான் ஒரு வேளை பட்டினி போட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப் போவது முழுக்கக் கோபம். கோபப்படுகிற அளவுக்கு இவள் என்ன செய்துவிட்டாள் என்று யாரும் கேட்கக் கூடாது.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போய்விடுகிறது. போகட்டும், எனக்கு எந்த வண்டியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது? பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது. என் பெயரை மட்டும் இதில் எங்கேயும் எழுதப் போவதில்லை. வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு வைக்கிறேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

அதற்காகப் பெயர் என்னவென்று தெரியாமல் யாரும் தவிக்க வேண்டாம். முன்பாதி, வீட்டைப் பெருக்கி வெளியே தள்ளுகிறோமே, அது. பின்பாதி, அம்மா. தமிழ் தெரிந்தவர்களுக்கு இவ்வளவு போதும்.

பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கோவளம் பக்கத்துக் குப்பங்களில். வீட்டுக்காரர் கடலுக்குப் போவார், நான் கூடையோடு பஸ் ஏறித் தாம்பரம் வருவேன். மார்க்கெட்டில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. நான் வராத நாளில்கூட அதில் வேறு ஒருத்தி உட்கார மாட்டாள். ‘________ இடம்’ என்றுதான் அதற்குப் பேச்சு. வண்டிக்காரர்கள், போலீஸ்காரர், ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து பையோடு வருகிற அம்மாக்கள் என்று எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மீனுக்கு மூக்கைப் பிடித்தவர்கள் உண்டு. என் பெயருக்கு யாரும் மூக்கைப் பிடித்ததில்லை.

இப்போது கடைசி மகனோடு பீர்க்கன்கரணையில் இருக்கிறேன். ஏரியைப் பார்த்த ஃபிளாட், இரண்டாவது மாடி. மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, மருமகளுக்கு பேங்க்கில் வேலை. ஒரே பெண், அஞ்சாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு வார்த்தைதான் தீனி. புத்தகம் வாங்கிக் கொடுத்தால் கதையைப் படிக்க மாட்டாள், கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டிருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பாள். பேப்பர் வந்தால் அவள் அப்பாவுக்கு முன்னால் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவாள்.

சாயங்காலம் ஆனால் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து விளையாடுவார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நானும் இருப்பேன். அந்த விளையாட்டுக்கென்று ஒரு தனி இங்கிலீஷ் உண்டு. என் மகன் போனில் ஆபீஸ்காரர்களோடு பேசுகிற இங்கிலீஷ் இல்லை அது. உட்கார்ந்து உட்கார்ந்து நானும் கொஞ்சம் பொறுக்கிக்கொண்டேன். எழுத்தைக் கலைத்துப் போட்டால் ஜம்பிள். பாதி மறைத்துப் பாதி காட்டினால் க்ளூ. அதையே கொஞ்சம் இரக்கப்பட்டுச் சொன்னால் ஹின்ட். கட்டத்தில் குறுக்கே போனால் அக்ராஸ், கீழே இறங்கினால் டவுன். எனக்கு டவுன் என்றால் டவுன் பஸ். இந்தப் பிள்ளைகள் எதற்கு எப்போது பார்த்தாலும் பஸ்ஸைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாஸ் என்றாலும் எனக்கு பஸ் பாஸ்தான். அவர்களுக்கோ, ‘எனக்குத் தெரியாது, அடுத்த ஆளைக் கேள்’ என்று அர்த்தம். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டு வைத்தால் அது பிளாங்க். இந்த பிளாங்க் எனக்குப் பிடித்துப்போனது. ஒன்றுமே இல்லாததற்கு ஒரு பெயர் வைத்து, அதற்கு ஓர் இடமும் விட்டு வைத்திருக்கிறார்களே.

எல்லாவற்றையும்விட அவர்களுக்கு உயிர், நேம் ப்ளேஸ் அனிமல் திங். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாளில் நாலு கட்டம். முதல் கட்டத்தில் ஆள் பெயர், இரண்டாவதில் ஊர், மூன்றாவதில் மிருகம், நாலாவதில் ஏதாவது ஒரு பொருள். ஒரு எழுத்து விழும். நாலும் அந்த எழுத்தில்தான் தொடங்க வேண்டும். முதலில் எழுதி முடித்தவர் ‘ஸ்டாப்’ என்று கத்தினால் மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். நாம் எழுதினதையே இன்னொருத்தரும் எழுதியிருந்தால் அஞ்சு பாயிண்ட். வேறு யாரும் எழுதாததாக இருந்தால் பத்து. தப்பாக இருந்தால் இன்வேலிட். இன்வேலிட் என்றால் செல்லாது. செல்லாத நோட்டு தெரியும், செல்லாத ஓட்டு தெரியும். செல்லாத வார்த்தை என்று ஒன்று இருப்பது அங்கேதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவளை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். என் பேத்தியும் அப்படித்தான் கூப்பிடுவாள். இந்த ஃபிளாட்டில் ஆயா என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைத்த வேலைக்காரி. நாங்கள் குடிவந்த புதிதில் எதிர்வீட்டுப் பெண்மணி என்னிடம், “நீங்க இங்க எவ்ளோ நாளா வேலைக்கு வர்றீங்க?” என்று கேட்டார். “முப்பத்தெட்டு வருஷமா. இந்த வூட்டுக்காரன் பொறந்த நாள்லேர்ந்து” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க நானும் மெனக்கெடவில்லை.

போன பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஃபிளாட் சங்கத்தில் விழா வைத்தார்கள். கார்களையெல்லாம் ரோட்டில் நிறுத்திவிட்டு ஷாமியானா போட்டார்கள். கோலப் போட்டி, கரும்பு, ம்யூசிக்கல் சேர் எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு வேர்ட் கேம்ஸ். நடத்தினவர் தரைத்தளத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கிற அம்மா. பிள்ளைகள் அவரை மேடம் என்பார்கள், நானும் மேடம் என்றே எழுதுகிறேன். முதல் பரிசு ஒரு பெரிய டப்பா. உள்ளே இங்கிலீஷ் எழுத்து பதித்த சின்னச் சின்ன வில்லைகள், அடுக்கி அடுக்கி வார்த்தை செய்யலாம். மேடம் அதைத் தன் வீட்டு ஜன்னலில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருந்தார். என் பேத்தி ஸ்கூல் வேனிலிருந்து இறங்கியதும் அந்த ஜன்னலுக்குப் போய் டப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறுவாள். தூக்கத்தில்கூட அதைப் பற்றிப் பேசினாள்.

ஜம்பிளில் அவள்தான் முதல். க்ளூ கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னதிலும் அவள்தான் முதல். கடைசி ஆட்டம் நேம் ப்ளேஸ் அனிமல் திங். விழுந்த எழுத்து கே. குனிந்தவள் நிமிரவே இல்லை. “ஸ்டாப்!” என்று முதலில் கத்தினவளும் அவளே.

மேடம் அவள் தாளை வாங்கி மைக்கில் படித்தார்.

“ப்ளேஸ், குன்றத்தூர். வாவ், முருகன் கோயில்! யாருமே எழுதல, டென் பாயிண்ட்ஸ். அனிமல், கங்காரூ. ஓகே. திங், கெட்டில். குட். நேம்...”

நிறுத்தினார். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு படித்தார்.

“நேம், ________.”

மார்க்கெட்டும் நின்று, வீட்டுக்காரரும் போன பிறகு என் பெயரைச் சொல்ல ஆளில்லை. அம்மா, அத்தை, ஆயா, ஆன்ட்டி என்று ஆகிவிட்டது. மைக்கில் அதைக் கேட்டதும் என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேடைக்குக் கூப்பிடுகிறார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. முந்தானையைச் சரிசெய்தேன். அதற்குள் சிரிப்பு.

முதலில் ஒரு பையன். “மேம், அது கார்பேஜ்! கார்ப்பரேஷன் வண்டியில போடறது!”

சங்கத்துச் செக்ரட்டரி, ரிட்டையர் ஆன மனிதர், விஷயம் தெரிந்தவர் மாதிரிக் கையைத் தூக்கினார். “நோ நோ. ஈசிஆர் பக்கம் நெறைய குப்பம் இருக்கு. அது ப்ளேஸ்ல வரும்.”

பின்வரிசையில் ஒரு குரல், “அப்ப அனிமல்தான் பாக்கி சார்!”

ஷாமியானா முழுக்கச் சிரித்தது. மேடமும் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் பேத்தியின் தலையைத் தடவி, “கண்ணா, நேம்னா மனுஷங்க பேரு. இது திங். திங்ல நீ ஏற்கெனவே கெட்டில் எழுதிட்ட. ஸோ நேம் இன்வேலிட், ஸீரோ” என்றார்.

நான் என் பேத்தியைப் பார்த்தேன். ‘இது எங்க ஆயா பேரு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதிரே நாலு முழத்தில் நிற்கிறாள், என் பக்கம் திரும்பவில்லை. பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழுந்தேன்.

“மேடம், அது என் பேரு.”

சிரிப்பு நின்றது. என் மகன் பின்னாலிருந்து புடவையைப் பிடித்து இழுத்தான். “அம்மா, உக்காரும்மா.”

“நீ சும்மா இருடா. உன்னப் பெத்தவ பேரு உனக்குத் தெரியுமில்ல? சொல்லேன் அவங்களுக்கு.”

அவன் போனைப் பார்த்தான். போனில் என் பெயர் இருந்ததோ என்னவோ.

“ஐயோ சாரி ஆன்ட்டி” என்றார் மேடம். “எனக்கு நெஜமாவே தெரியாது. ஆனா பாருங்க, கேம்னா ரூல்ஸ் இருக்குல்ல? எல்லாருக்கும் தெரிஞ்ச நேமா இருக்கணும்.”

“எனக்குத் தெரிஞ்ச பேருதான். எழுபத்திநாலு வருஷமா தெரியும்.”

மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை நான் ஏதோ ஜோக் சொன்ன மாதிரி.

“சரி, கங்காரு செல்லுமா?” என்று கேட்டேன்.

“செல்லும் ஆன்ட்டி. அது அனிமல்தானே.”

“நீங்க பாத்துக்கீறீங்களா கங்காருவ?”

“நேர்ல பாத்ததில்ல...”

“இந்தப் பசங்க யார்னா பாத்துக்கீதுங்களா? பாக்காத கங்காரு செல்லும், எதிர்ல குந்திகினு கீற நான் செல்ல மாட்டேன். நல்லா கீது உங்க ரூல்ஸு.”

செக்ரட்டரி எழுந்து வந்தார். “அம்மா, பசங்க வெளையாட்டு, சீரியஸா எடுத்துக்காதீங்க. யாராவது அந்தம்மாவுக்குப் பொங்கல் குடுங்கப்பா.”

தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. கோபத்தில் சோற்றைத் தள்ளுகிறவள் இல்லை நான். சாப்பிட்டேன். முந்திரி குறைவு. அதையும் சொல்லிவிட்டுத்தான் தொன்னையைப் போட்டேன்.

டப்பா வேறு பிள்ளைக்குப் போனது. நேம் கட்டத்தில் அந்தப் பிள்ளை எழுதியிருந்தது ஒரு சினிமா நடிகையின் பெயர். அது செல்லும்.

மாடிக்கு வந்ததும் பேத்தி கட்டிலில் குப்புற விழுந்து அழுதாள். மகன் என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். குரலைத் தாழ்த்தினால் புத்தி சொல்லப் போகிறான் என்று அர்த்தம்.

“அவ தோத்ததுக்கு அழலம்மா. நீ எழுந்து நின்னு சண்ட போட்டியே, அதான் அவளுக்கு அசிங்கமாயிடுச்சு.”

“அசிங்கமா?”

“எம்பரேஸிங்னு சொல்ல வந்தேன். தமிழ்ல என்ன சொல்றதுன்னு தெரியல.”

“தமிழ்ல நீ சொன்னதே கரெக்டுதான்டா. அசிங்கம்தான். மார்க்கெட்ல என் பேரைக் கூவிக் கூவிக் கூப்ட்டு வாங்கினு போனாங்களே மீனு, அதுலதான் நீ படிச்ச. அந்தப் படிப்பும் இன்வேலிட்டா?”

அவன் சார்ஜரைத் தேடிக்கொண்டு போனான். மருமகள் மட்டும் அடுப்பங்கரையிலிருந்து, “அத்தை சொல்றது நியாயம்தான்” என்றாள். ஆனால் அதை டேப்பைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்னாள்.

சில நாள் கழித்து, மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகிற மேடத்தை லிஃப்டில் பார்த்தேன். நான் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

“ஆன்ட்டி, இன்னும் கோவமா? எனக்கு ரொம்ப கில்ட்டியா இருக்கு. நான் ஒண்ணு சொல்லட்டா? பேர் மாத்தறது இப்பல்லாம் ரொம்ப ஈஸி. கெஜட்ல போட்டா போதும். எங்க அத்தைகூட நியூமராலஜி பாத்து மாத்திக்கிட்டாங்க. உங்களுக்கும் நல்ல பேரா ஒண்ணு...”

“இந்தப் பேரை வெச்சுகினு எமனையே திருப்பி அனுப்பினவ நான்” என்றேன். “கெஜட்டு எனக்கு இன்னாத்துக்கு?”

லிஃப்ட் திறந்துகொண்டது. நான் வெளியே வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு மூன்று பிறந்தது. மூன்றும் தொட்டிலோடு போனது. நாலாவதாக நான். பிறந்த ஈரம் காய்வதற்குள் என்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பத்துக் கோடியில், சாம்பலும் மீன் செதிலும் கொட்டுகிற மேட்டில் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி எதேச்சையாக வருகிறவள் மாதிரி வந்து, ‘யாரோ பிள்ளையை வீசிட்டுப் போயிருக்காங்களே’ என்று எடுத்துக்கொண்டாள். என் அம்மா அவளுக்கு ஒரு முறம் தவிடு கொடுத்து என்னை விலைக்கு வாங்கினாள். மூக்கைக் குத்தினார்கள். இந்தப் பெயரை வைத்தார்கள். எமன் வந்து கேட்டால், இந்த வீட்டில் பிள்ளை இல்லை, பெருக்கிப்போட்டதுதான் கிடக்கிறது என்று சொல்வதற்கு.

என் பெயர் எமனுக்குப் போட்ட புதிர். க்ளூ இல்லை, ஹின்ட் இல்லை. வந்தான், பார்த்தான், இது திங் என்று நினைத்துத் திரும்பிப் போனான். எமன் எப்படி ஏமாந்தானோ அப்படியே மேடமும் ஏமாந்தார். எமன் பேரில் எனக்கு வருத்தமில்லை. அவன் வந்தது வேறு வேலையாக. அவன் பாயிண்ட் போடவும் வரவில்லை, மைக் பிடித்துக்கொண்டும் வரவில்லை.

இந்தக் கோபம் அதோடு தணிந்திருக்கும். வெளியாட்கள் பேரில் எவ்வளவு நாள் கோபப்பட முடியும்? காலையில் காபி குடித்தால் பாதி இறங்கிவிடும். அதற்குப் பிறகு நடந்ததுதான் இறங்கவில்லை.

மூன்றாவது மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் பெண்ணும் அஞ்சாம் வகுப்பு. ஒரு சாயங்காலம் நான் காய்கறி வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறேன். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு தூண் உண்டு, அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும். நான் வருவது தெரியவில்லை.

“அந்த சேர்ல உக்காந்திருப்பாங்களே, அவங்க உங்க மெய்டா?” என்றது புதுப்பெண்.

“இல்ல, எங்க பாட்டி.”

பாட்டி என்றாள். சரி, இருக்கட்டும்.

“பாட்டி நேம் என்ன?”

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. ஒரு பூவின் பெயரைச் சொன்னாள். டிவி சீரியலில் வருகிற பணக்காரப் பாட்டிக்கு வைப்பார்களே, அந்த மாதிரி வழவழவென்று ஒரு பெயர். அந்தப் பெயருக்கு முகம் இருந்தால் பவுடர் போட்டிருக்கும்.

“ஸோ ஸ்வீட்!” என்றது அந்தப் பெண்.

பையைக் கீழே வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரித்தவர்கள் என் பெயரைத் தப்பான கட்டத்தில்தான் போட்டார்கள். இவள் அழித்தே விட்டாள். அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு எழுதிவிட்டாள். இந்த வயதுக்கு மேல் நான் யார் வாயில் இருக்கப் போகிறேன்? மகன் அம்மா என்பான், அதோடு சரி. நான் போன பிறகு ________ என்று ஒருத்தி இருந்தாள் என்று சொல்ல மீதி இருக்கிற வாய் அது ஒன்றுதான். அந்த வாய் இப்படிச் சொல்கிறது.

மேலே வந்ததும் கூப்பிட்டேன்.

“யாருடி அவ? நீ சொன்னியே பூவு, அவ எந்த வூட்ல கீறா?”

அவள் முகம் செத்துவிட்டது. “ஆயா... கேட்டுட்டியா?”

“காது நல்லாத்தான் கீது.”

“அவங்க சிரிப்பாங்க ஆயா.”

“என்னப் பாத்தா, உன்னப் பாத்தா?”

“என்னப் பாத்துதான்” என்றாள். பொய் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அந்த இடத்தில் எனக்குப் பிடித்தது. “உன் பேரை எழுதினதாலதான் டப்பா போச்சு. யாருமே எழுத மாட்டாங்க, பத்து பாயிண்ட் வரும்னு நெனச்சுதான் எழுதினேன்.”

இது எனக்குப் புதிது. நான் ஏதோ பாசத்தில் எழுதினாள் என்று நினைத்திருந்தேன். பத்து பாயிண்டுக்காக எழுதியிருக்கிறாள். ஒரு விதத்தில் அதுவும் சரிதான், ஊரில் வேறு யாரிடமும் இல்லாத பெயர் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மேட்டில் போட்ட கதையை, தவிட்டுக்கு வாங்கிய கதையை அவளுக்குச் சொன்னேன். மெதுவாக இல்லை, கத்திக்கொண்டுதான் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டாள். முடித்ததும் அவள் கேட்டது வேறு.

“செத்துப்போன மூணு பேருக்கும் என்ன பேரு ஆயா?”

“மூணுக்கும் சாமி பேரு. நல்ல நல்ல பேரு. உங்க மேடம் கேட்டா முப்பது பாயிண்டும் போடுவாங்க. ஒண்ணும் நிக்கல.”

மூன்று விரலை மடக்கிப் பார்த்தாள். பிறகு, “சாரி ஆயா” என்றாள்.

“உன் சாரி எனக்கு வேணாம். இந்த ஃபிளாட்ல எல்லாரும் சாரி சொல்றீங்க, பேரைத்தான் ஒருத்தரும் சொல்ல மாட்டேன்றீங்க. அந்தப் பொண்ணாண்ட போயி சரியான பேரச் சொல்லிட்டு வா.”

“வீட்ல சொல்றேன் ஆயா. கீழ வேணாம்.”

“இப்ப வூட்லதான கீற? சொல்லு பாக்கலாம்.”

என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பால்கனி வழியாக ஏரியைப் பார்த்தாள். உதடு லேசாகத் துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பாஸ்” என்றாள்.

அடிக்கக் கை ஓங்கினேன். ஆறு பிள்ளைகளையும் அடித்து வளர்த்த கைதான். இறக்கிவிட்டேன். இரக்கத்தால் இல்லை, அடித்தால் ஒரு வார்த்தையும் வாங்க முடியாது என்று ஆறு பிள்ளைகளிடமும் பார்த்துவிட்டதால். மார்க்கெட்டில் சண்டை என்றால் அங்கேயே கூவித் தீர்த்துவிடலாம், இது அப்படித் தீராது. அன்றைக்கு மீன் குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். அவளுடைய விளையாட்டிலேயே அவளைப் பிடித்தாக வேண்டும். மறுநாள் அவளுடைய பழைய ரஃப் நோட்டில் மீதி இருந்த தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன்.

அதுதான் இது. மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். ஆனால் இதை எழுதினது அவள் வாய்க்காக. பேப்பரில் கோடு போட்டிருந்தால் நிரப்பாமல் அவளால் இருக்க முடியாது. கை துறுதுறுக்கும், பாதி ராத்திரியில் எழுந்து வந்தாவது நிரப்புவாள். அப்படிப்பட்ட பெண் இந்த பிளாங்க்கை மட்டும் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும். பென்சிலால் நிரப்பினால் செல்லாது. சத்தமாகச் சொல்லி நிரப்ப வேண்டும். இது என் ரூல்ஸ். மேடம் ரூல்ஸ் போடலாம் என்றால் நானும் போடலாம். நான் என்ன கங்காருவா?

கோபம் தீர்ந்துவிட்டதா என்று மருமகள் மத்தியானம் கேட்டாள். தீரவில்லை. சொல்லிக் கேட்ட பிறகு தீருமா என்றும் தெரியாது. அதை அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடைசிப் பக்கத்தைக் கீழே வந்து எழுதுகிறேன். என் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் வட்டம் போட்டிருக்கிறார்கள். கார்பேஜ் என்று கத்தின பையன் இருக்கிறான். மூன்றாவது மாடிப் பெண் இருக்கிறாள். செக்ரட்டரி வாட்ச்மேனிடம் தண்ணீர் லாரிக்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். என் பேத்தி கையில் பென்சிலோடு, நான் என்ன எழுதுகிறேன் என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறாள். போதும், நிறுத்திவிட்டுக் கூப்பிடப் போகிறேன்.

வாடி இங்க. பென்சில அங்கயே வெச்சுட்டு வா. இந்தா, மொதல் பக்கத்துலேர்ந்து படி. அவசரம் இல்ல, எழுத்துக் கூட்டியே படி, நானும் அப்படித்தான் எழுதினேன். கோடு வர்ற எடத்துல பிளாங்க்னு படிக்காத. பாஸும் கெடையாது. நல்லா சத்தமா படி, மேடம் வூட்டு ஜன்னல் தொறந்துதான் கீது.